நான் சொல்லாமல் விட்ட பெயர்

தம்பி,

திங்கட்கிழமை உன் போன் வந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வணிக வார இதழின் பொறுப்பு முழுவதும் உன் கைக்கு வந்திருக்கிறது, முதல் இதழிலேயே தொழில் நடத்தும் பெண்களைப் பற்றி எழுதப்போகிறேன், அட்டையில் அம்மா படம்தான் என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனாய். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அப்பா அப்போதே சட்டையை மாட்டிக்கொண்டு போய் இரண்டு பெட்டி மக்ரூன் வாங்கிவந்து, ஆபீசில் இருந்த அத்தனை பேருக்கும், வாசலில் கண்டெய்னர் லாரியோடு நின்ற டிரைவர்களுக்கும் கொடுத்துவிட்டார். நான் "பாக்கலாம்லே" என்றேன். நீ அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு போனை வைத்துவிட்டாய். எனக்கு அப்போது வாயில் வந்தது அவ்வளவுதான். இன்று வியாழக்கிழமை. இன்னும் உனக்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

போனில் சொன்னால் நடுவிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். மதியத்திலிருந்து ஆபீசில் நெட் இல்லை, ஒரு பில்லும் போட முடியவில்லை, பையன்கள் டீ குடிக்கப் போயிருக்கிறார்கள். இதை இன்றைக்கே கூரியரில் போட்டால் நாளை மதியம் உன் மேசைக்கு வந்துவிடும். நின்று நிதானமாகப் படி. உன் முதல் கட்டுரையைப் பற்றி நான் உன்னிடம் ஒன்பது வருடமாகச் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் உன் அட்டைப்படத்துக்கு நான் முகம் கொடுக்க முடியாது.

அதற்கு முன்னால் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். நீ பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது மதுரையிலிருந்து ஒரு நிருபர் நம் ஆபீசுக்கு வந்தது உனக்கு நினைவிருக்கும். துறைமுக ஊர்களில் ஜெயித்த வியாபாரிகளைப் பற்றி ஒரு தொடர் எழுதிக்கொண்டிருந்தார். சரக்கு அனுப்புகிறவர்களுக்காகச் சுங்கக் காகிதம் பார்க்கும் நம் தொழிலில் லைசென்ஸ் பரீட்சை எழுதிப் பாஸ் செய்தவள் நான். வாசலில் இருக்கும் போர்டில் இருப்பது அப்பா பெயர். அப்பாவுக்கு ஆட்களோடு பேசப் பிடிக்கும், யார்டுக்குப் போகப் பிடிக்கும், காகிதத்தைக் கண்டால் கொட்டாவி வரும். எங்களுக்குள் அது ஒத்துப்போயிருந்தது. நிருபர் நோட்டைத் திறந்ததும் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "ஏன்ட்ட என்னத்தக் கேக்கீய? ஒரு கண்டெய்னர் எங்கன மாட்டும், எங்கன மாட்டாதுன்னு அவளுக்குத்தான் தெரியும். அவளக் கேளுங்க" என்றார். நான் அப்போது காப்பித் தட்டோடு நின்றேன். "அய்யோ, எனக்கு என்ன தெரியும், எல்லாம் அவியதான் பாக்காவ. நான் சும்மா கூடமாட இருக்கேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

நிருபர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். கட்டுரையில் நான் 'பக்கபலமாக நிற்கும் மனைவி' என்று ஒரு வரியில் வந்தேன். நீ அந்தப் பத்திரிகையைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய்க் காட்டினாய். அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாவது நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே கேட்டார்: "ஏம்ளா அப்படிச் சொன்ன? பொய்யச் சொல்லி என்னய ஏம்ளா அங்கன ஒக்கார வச்ச?" பொம்பளை பார்க்கிற ஆபீஸ் என்று தெரிந்தால் நூல் மில்காரர்கள் சரக்கை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள் என்றேன். அது முழுக்கப் பொய்யும் இல்லை. ஆனால் அன்றைக்கு அந்த மேசைக் கண்ணாடிக்கு அடியில் என் பெயர் போட்ட லைசென்ஸ் இருந்தது. நிருபரின் காப்பி டம்ளர் அதன் மேல்தான் இருந்தது. அவர் ஒரு தடவை குனிந்து படித்திருக்கலாம். இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவருக்கும் பஸ் பிடிக்க வேண்டியிருந்தது.

இப்போது மெர்சி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்கு மெர்சி ஆன்ட்டி என்றால் கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுத்துவிடுகிறவள். தொழிலில் அவள் யார் என்று உனக்குத் தெரியாது. துறைமுகத்துக்கு வரும் கப்பலுக்கு வேண்டிய காய்கறி, இறைச்சி, அரிசி, கயிறு, பெயின்ட், சோப்பு எல்லாவற்றையும் கொண்டுபோய் ஏற்றிக் கொடுப்பதுதான் அவள் அப்பாவின் தொழில். இருபது வயதில் அவரோடு கப்பல் ஏணியில் ஏறத் தொடங்கியவள், அவர் போன பிறகு தானே நடத்தினாள். எந்த நாட்டுக் கப்பல் என்று சொன்னால் போதும், அதன் சமையற்காரன் என்ன கேட்பான், எதைத் திருப்பி அனுப்புவான் என்று சொல்லிவிடுவாள். கிடங்கில் நான்கு பெண்கள் அவளிடம் வேலை பார்த்தார்கள். எங்கள் பழக்கம் துறைமுக கேட்டில் பாஸ் வாங்க நின்ற வரிசையில் ஏற்பட்டது. அந்த வரிசையில் பெண்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

அவளைப் பற்றி ஒரு முறை பத்திரிகையில் வந்தது. படம் எடுக்க வந்தவர்கள் கிடங்கு இருட்டாக இருக்கிறது என்று சொல்லி அவளை வீட்டுச் சமையலறையில் நிறுத்தி, கையில் கரண்டியைக் கொடுத்து எடுத்தார்கள். 'அடுப்படியிலிருந்து கப்பல் வரை' என்று தலைப்பு. அவள் அடுப்படியிலிருந்து வரவே இல்லை, தம்பி. அவளுக்கு இன்றைக்கும் ஒழுங்காகக் குழம்பு வைக்கத் தெரியாது. அடுத்த வாரம் முழுக்க கேட்டில் ஒவ்வொரு கிளார்க்கும் "மெர்சியக்கா, இன்னைக்கு என்ன கொழம்பு?" என்று கேட்டான். அவள் சிரித்துக்கொண்டே போய்விடுவாள். ஒரு நாள் என் ஆபீசில் வந்து உட்கார்ந்து, "முப்பது வருசம் ஏணி ஏறினது போச்சுளா. ஒரு கரண்டியக் குடுத்து எறக்கி விட்டுட்டானுவ" என்றாள். அதற்குப் பிறகு எந்தப் பத்திரிகைக்காரரோடும் அவள் பேசவில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், நீ வேலையில் சேர்ந்து இரண்டாவது மாதம், ஒரு மாலை நேரம் எனக்குப் போன் செய்தாய். கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் முறையை ஒரு கப்பல் கம்பெனி மாற்றப்போகிறது, அதைப் பற்றி உனக்கு முதல் கட்டுரை கொடுத்திருக்கிறார்கள், ஆறு மணிக்குள் முடிக்க வேண்டும். "அம்மா, தூத்துக்குடியில இதப் பத்தி நல்லாத் தெரிஞ்ச ஒரு ஆளு பேரு சொல்லு, அவர்ட்ட ரெண்டு வரி கேட்டுப் போட்டுக்கிடுதேன்" என்றாய். உன் குரல் நடுங்கியது. எனக்கு முதலில் வந்த பெயர் மெர்சி. நாக்கு நுனி வரை வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், வந்தது. அடுத்த நொடி, பிள்ளையின் முதல் கட்டுரை, கனமான ஆளாக இருக்க வேண்டுமே, ஒரு பொம்பளை பெயரைக் கொடுத்து அவன் எடிட்டர் இது யார் என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று மனசு ஓடியது. அவள்தான் பத்திரிகையோடு பேசுவதில்லையே என்று எனக்கு நானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அவளைக் கேட்டுப் பார்க்கவில்லை. கேட்க ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. உனக்குத் தங்கவேல் அண்ணாச்சியின் பெயரைக் கொடுத்தேன்.

அண்ணாச்சி பெரிய வெங்காய மண்டிக்காரர், நல்ல மனுஷன். கப்பல் சப்ளை அவருக்கு ஒரு ஓரத் தொழில், அதையும் மேனேஜர்தான் பார்த்தார். அண்ணாச்சி ஒரு நாளும் கப்பலுக்குள் கால் வைத்ததில்லை. நீ கேட்டதற்கு அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். 'தூத்துக்குடி கப்பல் சப்ளையர்களின் மூத்த பிரதிநிதி' என்று நீ எழுதினாய். அதை நீயாகப் போட்டாயா, உன் எடிட்டர் போட்டாரா, எனக்குத் தெரியாது.

கட்டுரை வந்த மறுநாள் மெர்சி அக்கா பத்திரிகையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தாள். "ஏளா, இது ஒன் மவன் எழுதினதா?" என்று கேட்டாள். "ஆமாக்கா" என்றேன், வாயெல்லாம் பல்லாக. "நல்லா எழுதிருக்கான். மாதா கிருபை. ஆனா இந்த அண்ணாச்சி எப்பளா கப்பல் ஏறினாரு? பிரதிநிதின்னு யாரு போட்டா இவர?" நான் சிரித்து மழுப்பினேன். அவள் சிரிக்கவில்லை. "ஒன் மவனுக்கு இவரு பேர யாரு குடுத்தா?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "தெரியலையேக்கா. அவன் யார்ட்டயும் விசாரிச்சிருப்பான்" என்றேன். அண்ணாச்சி தானாக வலியப் போய்ப் பேசியிருப்பார் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். நான் மறுக்கவில்லை.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதமே வேண்டியிருக்காது. ஒரு மாதம் கழித்து அந்தக் கப்பல் கம்பெனி புது விதிகளைப் பேச ஒரு கூட்டம் போட்டது. சென்னையில் நடந்த அந்தக் கூட்டத்துக்கு நம் ஊர் சப்ளையர்கள் சார்பில் அண்ணாச்சியைக் கூப்பிட்டார்கள். இறைச்சி கொண்டுவருகிற எல்லாருக்கும் சொந்தமாகக் குளிர்சாதன வண்டி இருக்க வேண்டும் என்று ஒரு விதி. அண்ணாச்சியிடம் அப்படி வண்டி இருந்தது. எல்லாரிடமும் இருக்கும் என்று நினைத்துச் சரி என்று சொல்லிவிட்டு வந்தார். மெர்சி அக்காவைப் போன்ற சின்ன ஆட்கள் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் நிரப்பி, ஏணி வரைக்கும் ஒரு டிகிரி ஏறாமல் கொண்டுபோகிறவர்கள். அதைச் சொல்ல அந்தக் கூட்டத்தில் ஆள் இல்லை. மெர்சி அக்கா சென்னைக்குப் போன் போட்டு, எங்களைக் கேட்காமல் எப்படி முடிவு செய்தீர்கள் என்று கேட்டாள். கம்பெனி மேனேஜர் மரியாதையாகத்தான் பதில் சொன்னாராம்: "பத்திரிகையில அவர்தானே மேடம் பேசியிருந்தாரு. உங்க எல்லாருக்கும் அவர்தான்னு நெனச்சோம்."

அந்தக் கம்பெனிக் கப்பல்கள் அவள் கையை விட்டுப் போயின. கிடங்கில் இருந்த நான்கு பெண்களில் மூன்று பேரை அவள் நிறுத்த வேண்டியதாயிற்று. நாளைக்கு யாரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள், யாரைக் கேட்காமலே சட்டம் போடுவார்கள் என்பதெல்லாம் அந்த இரண்டு வரியில் தொங்குகிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது. பத்திரிகையில் பெயர் வருவது ஒரு பெருமை, வராவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது என்றுதான் நினைத்திருந்தேன். என் விஷயத்தில் எதுவும் குறையவில்லையே, நம் ஆபீஸ் ஓடிக்கொண்டுதானே இருந்தது.

இதைவிடக் கேவலமானது ஒன்று இருக்கிறது. அண்ணாச்சி மகள் கல்யாணத்துக்கு மெர்சி அக்கா வீட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போனவர்களை அவள் வாசலிலேயே வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டாள். அவளும் அண்ணாச்சியும் ஒரே தெருவில் விளையாடி வளர்ந்தவர்கள். கல்யாண மண்டபத்தில் அண்ணாச்சி என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "ஏம்மா, மெர்சிக்கு ஏம்மேல என்ன கோவம்? நீதான அவகூடப் பழகுத, ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். "தெரியலையே அண்ணாச்சி" என்றேன். அவர் கண் கலங்கியதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். அன்றைக்கு நான் சாப்பிடாமல் வந்தேன். வயிறு சரியில்லை என்று உன் அப்பாவிடம் சொன்னேன்.

திங்கட்கிழமை நீ அட்டைப்படம் என்று சொன்னதும் இதெல்லாம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "நீ மொதல்ல போய்ச் சொல்லிட்டு வா. பொறவு மத்ததப் பேசலாம்" என்று ஸ்கூட்டர் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

மெர்சி அக்கா இப்போது பழைய துறைமுகத்தில்தான் தொழில் செய்கிறாள். மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகிற பெரிய மரத் தோணிகளில் காய்கறியும் பலசரக்கும் ஏற்றி அனுப்புகிறாள். கப்பல் தொழில் கையை விட்டுப் போனதும் அவள் மூலையில் உட்காரவில்லை. நான் போனபோது வெங்காய மூட்டைகளைக் குத்தூசியால் குத்தி, ஒவ்வொன்றிலும் இரண்டு வெங்காயத்தை வெளியே எடுத்து அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். அண்ணாச்சி பேரைக் கொடுத்தது நான்தான், நீங்கள் கேட்டபோது பொய் சொன்னதும் நான்தான் என்றேன். அவள் கை நிற்கவில்லை. அடுத்த மூட்டை, அதற்கடுத்த மூட்டை. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. கடைசி மூட்டையையும் பார்த்துவிட்டுக் குத்தூசியை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினாள்.

"கப்பல் போனதுக்கு நான் அழல ஏளா. தொழில்னா வரும், போவும். ஒம்பது வருசமா அந்த மனுசன் மூஞ்சில முழிக்காமத் திரிஞ்சிருக்கேன். எங்கப்பா செத்தப்ப முன்ன நின்னு குழி வெட்டச் சொன்னவரு அவரு. அவரு மவ கல்யாணத்துக்குப் போவல. நீ அதெல்லாம் பாத்துக்கிட்டுப் பக்கத்துலயே இருந்திருக்க. எங்கூடத் திருநாளுக்குக் கேக்கு தின்னுருக்க."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "மன்னிப்புக் கின்னிப்புன்னு ஒண்ணும் பேசாத. இப்பப் போளா" என்றாள். நான் வந்துவிட்டேன்.

நேற்று முழுக்க நான் ஆபீசுக்கு வந்தேன், போனேன், என்ன செய்தேன் என்று கேட்டால் தெரியாது. ஆனால் அந்தப் பதைப்பில் ஒரு வேலை செய்தேன். வீட்டில் நீ கொண்டுவந்து போட்ட உங்கள் பழைய இதழ்களை எடுத்துப் புரட்டினேன். சிமென்ட் விலை, நூல் விலை, உப்பு ஏற்றுமதி, துறைமுகக் கட்டணம் என்று பக்கம் பக்கமாக ஆண்கள் பேசுகிறார்கள். பெண் முகம் தேடினால் நகைக்கடை விளம்பரத்தில் இருக்கிறது, வீட்டுக்கடன் விளம்பரத்தில் இருக்கிறது. மார்ச் மாத இதழில் மட்டும் ஒரு தனிப் பகுதி. அதில் எல்லாரையும் பட்டுச்சேலையில் சிரிக்கவைத்து, வீட்டையும் வேலையையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஏப்ரலில் அவர்கள் யாரையும் காணவில்லை. நீ அந்த இதழ்களில் வேலை பார்த்தவன். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் நல்ல மனசைச் சந்தேகப்படவில்லை, தம்பி. சாயந்திரம் ஐந்து மணியை நினைத்துத்தான் பயப்படுகிறேன். இதழ் அச்சுக்குப் போக வேண்டும், ஒரு ஆளின் இரண்டு வரி குறைகிறது, கையில் ஒரு அண்ணாச்சியின் நம்பர் இருக்கிறது, அவர் உடனே எடுப்பார், சரளமாகப் பேசுவார். அந்த நேரத்தில் உனக்கு அட்டைப்படக் கொள்கை நினைவுக்கு வராது. எனக்கு வரவில்லையே. பெற்ற பிள்ளை நல்லா இருக்க வேண்டும் என்ற நினைப்பில்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். நீயும் ஏதாவது ஒரு நல்ல காரணத்துக்காகத்தான் செய்வாய். ஆகவே அந்த ஐந்து மணி வருவதற்கு முன்னாலேயே, அவசரம் இல்லாத ஒரு காலையில், ஆட்களைத் தேடிப் போய்ப் பழகி வை. உடன்குடியில் கருப்பட்டி வாங்கி விற்கிறவளை, வேம்பாரில் உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவளை, விலை ஏறும் நாளிலும் இறங்கும் நாளிலும் போன் போட்டுக் கேட்கிற மாதிரிப் பழகு. யாராவது ஒருத்தி என்னைப் போல "எனக்கு என்ன தெரியும், எல்லாம் அவியதான்" என்று சொல்வாள். எழுதிக்கொண்டு எழுந்துவிடாதே. மேசையில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார். அதற்கு மேலும் அவள் வேண்டாம் என்றால் விட்டுவிடு, அவளுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். யார் படத்தையாவது போட்டால் ஒரு வாரம் கழித்து அவளுக்குப் போன் செய்து, இந்த வாரம் எப்படிப் போனது என்று கேள். கேட்டில் நிற்கிற கிளார்க் என்ன சொன்னான், வீட்டில் யார் என்ன முகம் காட்டினார்கள், உங்கள் வீடியோவுக்குக் கீழே வந்து எவன் என்ன எழுதினான் என்று அவளாக உன்னிடம் சொல்ல மாட்டாள்.

இந்தக் கடிதத்தைப் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது என் போன் அடித்தது. மெர்சி அக்கா. எடுக்கவே பயமாக இருந்தது.

"எங்கன இருக்க?"

"ஆபீசுலதான்க்கா."

"காலைல அண்ணாச்சி மண்டிக்குப் போனேன். என்னயப் பாத்ததும் எந்திரிச்சே நின்னுட்டாரு. ஒக்கார வச்சுக் காப்பி வாங்கிக் குடுத்தாரு. விசயத்தச் சொன்னேன். ரெண்டு பேருமாச் சேந்து ஒரு மணி நேரம் ஒன்னயத்தான் வஞ்சோம்."

"நல்லா வையுங்கக்கா" என்றேன்.

"ஏங்கோவம் தீந்துட்டுன்னு நெனச்சுக்கிடாத. அது கெடக்கட்டும். ஒன் மவன் என்னமோ பொம்பளையளப் பத்திப் போடப்போறானாம்லா? ஒன் வீட்டுக்காரரு சொன்னாரு. ஏன்ட்ட பேசச் சொல்லு. அடுப்படி, பிள்ளை வளத்த கதையெல்லாம் கேக்கக் கூடாது. அண்ணாச்சிட்ட என்ன கேப்பானோ அதத்தான் ஏன்ட்டயும் கேக்கணும். காத்துக் காலத்துல நாலு மாசம் தோணி ஓடாது. அந்த நாலு மாசம் நாங்க என்ன செய்யுதோம், சரக்கு என்ன ஆவுதுன்னு இதுவரைக்கும் ஒருத்தன் கேட்டது கெடையாது. அதக் கேக்கச் சொல்லு. படம் வேணும்னா தோணில சரக்கு ஏத்துத பாலத்துக்கு வரச் சொல்லு. எனக்குத் தெரியாதது இருந்தா தெரியாதுன்னு சொல்லுவேன், அதையும் போடச் சொல்லு."

சொல்லிவிட்டு, நான் பதில் பேசுவதற்குள் வைத்துவிட்டாள்.

ஆகவே உன் கேள்விக்குப் பதில் இதுதான். முதல் இதழின் அட்டையில் நான் வேண்டாம். அம்மாவை வைத்துத் தொடங்கினான் என்று உன் ஆபீசில் நாலு பேர் சிரிப்பார்கள், அவர்கள் சிரிப்பதில் நியாயமும் இருக்கும். என்னைப் பற்றி எழுத வேண்டுமானால் சுங்க விதி ஏதாவது மாறும்போது, நான் உன் அம்மா என்று தெரியாத ஒரு நிருபரை விட்டுக் கேட்கச் சொல். என் பெயரிலேயே பேசுகிறேன், உள்ளே போய் ஒளிய மாட்டேன். எந்த மில்காரர் சரக்கை எடுத்துக்கொண்டு போவாரோ என்று இந்த வயதிலும் கணக்குப் போடுகிறேன். இருந்தாலும் பேசுகிறேன். வாசல் போர்டை மாற்ற அப்பா ஏற்கெனவே ஆள் பார்த்துவிட்டார். அவரை நிறுத்தி வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றாக வரட்டும்.

மெர்சி அக்காவின் நம்பரை அப்பா உனக்கு அனுப்புவார். சனிக்கிழமை காலை அவளுக்கு ஒரு தோணி கிளம்புகிறது. பத்து மணிக்கு மேல் கூப்பிடு. அதற்கு முன்னால் பிரதம மந்திரியே கூப்பிட்டாலும் அவள் எடுக்க மாட்டாள். பேச ஆரம்பித்தால் கப்பல் கம்பெனிக் கதைக்கும் கட்டாயம் வருவாள், உன் பழைய கட்டுரைக்கும் வருவாள், நான் செய்ததையும் ஊருக்குத் தெரியும்படி சொல்வாள். நீ எடிட்டர், சிவப்புப் பேனா உன் கையில்தான் இருக்கிறது. என்னைப் பற்றி அவள் என்ன சொன்னாலும் வெட்டாதே.

அம்மா